மேல்கொக்கி கவ்விய அளவு

நாற்பத்தொரு வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று பல் டாக்டர் சொன்னபோது வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அவள் கணவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. மனசில் ஏதாவது உறுத்தினால் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டு வருஷமாக, சனிக்கிழமை மதியம் அவள் கிளினிக்கைப் பூட்டி வந்து பறக்கும் கிளப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும். அவள் லைசென்ஸ் வாங்கிய அன்று வீட்டிலிருந்த டம்ளர்கள் உயர வாரியாக வரிசையில் நின்றன.

ஒருதரம் கூட வாருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். அவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வேலை முளைத்தது. கடைசியில் அவருக்குப் பதிலாக அவருடைய அக்கா வந்தார்.

இந்த நாத்தனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எடை அளவு இலாகாவில் முப்பத்தொரு வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார்களாம். கண்ணால் பார்த்ததைக்கூட அளந்து பார்த்த பிறகுதான் நம்புவார். சொந்தத்தில் ஒரு குழந்தை பிறந்தபோது, ஆஸ்பத்திரித் தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்று சொல்லி, பச்சைக் குழந்தையை மறுபடி நிறுக்க வைத்தவர். குழந்தை அறுபது கிராம் குறைந்தது. குழந்தையின் அம்மா அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை.

இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்றார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "டாக்டரம்மா, உன்னோட விமானத்தை நான் பார்க்கணுமே" என்றார். யார் சொல்லி வந்திருக்கிறார் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கணவர் சமையலறையில் சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் இருவரும் கிளப்புக்குப் போனார்கள். வெயில் இருந்தது, காற்று மெல்லியதாக இருந்தது. விமானம் சின்னது, நாலு பேர் உட்காரலாம் என்று பேர், பின்னால் உட்காருகிற இருவரும் முழங்காலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். இறக்கைகள் கீழே இருந்தன. கதவு ஒன்றே ஒன்று, வலது பக்கம். ஓட்டுகிறவர் இறக்கை மேல் ஏறி, முதலில் உள்ளே போய், இடது இருக்கைக்கு நகர்ந்துகொள்ள வேண்டும். அப்புறம் கூட வருகிறவர் ஏறிக் கதவைச் சாத்த வேண்டும்.

நாத்தனார் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். எதற்கு ஒரே கதவு? எதற்கு எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறாய்? தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கும் என்று பல் டாக்டர் சொன்னதும் குப்பியைத் தானும் வாங்கிப் பார்த்தார். எடைக் கணக்குப் போட வேண்டும், உங்கள் எடை எவ்வளவு என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது. அறுபத்தெட்டு கிலோ நானூறு, செருப்பில்லாமல் என்றார்.

கதவுக்கு இரண்டு பூட்டு. இடுப்பு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கதவை இழுத்ததும் தானாக விழுந்துகொள்ளும். தலைக்கு மேலே ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் ஒரு கொக்கி கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். நாத்தனார் கதவின் உள்பக்கமிருந்த கைதாங்கியைப் பிடித்து இழுத்துச் சாத்தினார். மேல் கைப்பிடியைத் திருப்பினார். பல் டாக்டர் கையிலிருந்த அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பெல்ட், எரிபொருள், கதவு. எல்லாம் சரி. டவரிலிருந்து அனுமதி வந்தது.

ஓடுதளத்தில் வேகம் ஏறியது. நாத்தனார் மடியில் கையை வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கு தூக்கியது, சக்கரங்களின் கடகடப்பு நின்றது. தரைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பனைமர உயரம் இருந்திருக்கும். அப்போதுதான் டப் என்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே காது கிழிகிற இரைச்சல். பல் டாக்டரின் மடியிலிருந்த அட்டை எழுந்து, நாத்தனாரின் மூக்குக்கு முன்னால் ஒரு கணம் நின்று, கதவுப் பக்கமாகப் போய் மறைந்துவிட்டது.

இஞ்சின் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். எதிரே மீட்டர் முட்களைப் பார்த்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வேகம் சரியாக இருந்தது, விமானம் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் வலது பக்கம் திரும்பினாள். கதவின் மேல்பக்கம் நாலு விரல்கடை வெளியே போயிருந்தது. அந்த இடுக்கில் வெறும் வானம்.

திரும்ப இறக்கிவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் முன்னால் மிச்சமிருந்த ஓடுதளம் ஒரு துண்டுதான். அதைத் தாண்டிக் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடுகள். அவளுக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது: கதவு திறந்ததற்காக எந்த விமானமும் விழாது, கதவையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவன்தான் விழுவான். அவள் கதவிலிருந்து கண்ணைப் பிடுங்கிக்கொண்டாள். மூக்கை நேராக வைத்து ஏறினாள்.

ஓரக்கண்ணில் நாத்தனாரின் கை கைதாங்கியை நோக்கிப் போவது தெரிந்தது. இழுத்துச் சாத்தப் பார்க்கிறார்.

"அக்கா, விடுங்க. கையை மடியில வெச்சுக்கோங்க."

பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போது நோயாளி தலையைத் திருப்பப் பார்த்தால் அவள் பேசுகிற குரல் அது. உரக்கவும் இருக்காது, மறுக்கவும் முடியாது. முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுக்கு உத்தரவு போட்டே பழகிய கை, மடிக்குத் திரும்பி வந்தது.

அப்புறம் ஹெட்போனில் நாத்தனாரின் குரல் கேட்டது. நடுக்கம் இருந்தது, ஆனால் அது ஒரு கேள்வி.

"விழுந்துருவோமா?"

"மாட்டோம். சத்தம் மட்டும்தான்."

"எதை வெச்சு சொல்றே?"

இப்படி ஒரு கேள்வியை அந்த நேரத்தில் கேட்க இவரால்தான் முடியும். பல் டாக்டர் எதிரிலிருந்த மீட்டர் பலகையில் ஒரு முள்ளைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான் உயரம். முள் மேல போய்க்கிட்டே இருக்கு பாருங்க. அது ஏறுற வரைக்கும் நமக்கு ஒண்ணும் இல்லை. நீங்க அதைப் பார்த்து எனக்குச் சொல்லிக்கிட்டே வாங்க."

உண்மையில் அவளுக்கு அந்த உதவி தேவையில்லை. அவருக்குத்தான் ஒரு வேலை தேவைப்பட்டது. ஆனால் முள் என்று ஒன்றைக் காட்டிவிட்டால் நாத்தனாருக்கு உலகமே மறந்துவிடும். முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முந்நூறு அடி. முந்நூற்றைம்பது. நானூறு. குரல் போகப் போகத் தெளிந்தது. அறுநூறு அடி வருவதற்குள் நடுக்கம் முழுக்கப் போய்விட்டது.

டவருக்கு அவள் தகவல் சொன்னாள்: கதவு திறந்துகொண்டது, ஒரு சுற்று சுற்றி வந்து இறங்குகிறேன். வேறு உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். எண்ணூறு அடியில் சமப்படுத்தி, ஓடுதளத்துக்கு இணையாகத் திரும்பிப் பறந்தாள். இரைச்சல் அப்படியேதான் இருந்தது, கதவு லேசாக நடுங்கியது, காலடியிலிருந்த மிதிகள் வழியாக விமானம் கொஞ்சம் சோம்பலாக இருப்பது தெரிந்தது. மற்றபடி அது பாட்டுக்குப் பறந்தது. பயம் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது: இவ்வளவுதானா?

"இது ஏன் இன்னும் அகலமாத் திறக்க மாட்டேங்குது?" என்று நாத்தனார் கேட்டார்.

முன்னாலிருந்து வருகிற காற்று கதவைச் சாத்தப் பார்க்கிறது, பக்கத்தில் ஓடுகிற காற்று அதை வெளியே இழுக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் நிற்கிறது என்று அவள் இரைச்சலுக்கு மேலே சொன்னாள். நாத்தனார் அந்த இடுக்கை மரியாதையோடு பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தலையைச் சாய்த்து அதன் வழியாகக் கீழே பார்த்தார். ஒரு தண்ணீர்த் தொட்டி, கூரை மேல் துணி காய்ந்த ஒரு வீடு, பள்ளிக்கூட மைதானம். நடுவில் ஜன்னல் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் பச்சை வேறு பச்சையாக இருக்கிறது என்றார்.

இறங்குவதற்கு முன்னால் படிக்க வேண்டிய அட்டை காற்றோடு போய்விட்டது. பல் டாக்டர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வாய்விட்டுப் பேர் சொல்லிச் சரிபார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே இறங்கினாள். வேகம் குறையக் குறையக் கதவின் இரைச்சல் மாறியது. கடைசி நேரத்தில் மூக்கைத் தூக்கியபோது அது ஒருதரம் படார் என்று அடித்தது. அவள் திரும்பவில்லை. சக்கரம் தரையைத் தொட்டது, ஒரு துள்ளு துள்ளியது, மறுபடி தொட்டது. ஓரத்துப் பாதைக்குத் திருப்பி நிறுத்தி, இஞ்சினை அணைத்தாள்.

அமைதி காதை அடைத்தது. பக்கத்திலிருந்து திட்டு வரும், அல்லது அழுகை வரும் என்று காத்திருந்தாள்.

"ஏன் திறந்துச்சு?" என்றார் நாத்தனார்.

அதற்கான பதில் விமானங்களைப் பழுது பார்க்கிற கொட்டகையில் கிடைக்கும் என்றுதான் போனார்கள். கிளப்பின் மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில்கூட அதுதான் பேர் என்று கேலி செய்வார்கள். கைசுத்தமான வேலைக்காரர், ஆனால் தன் வேலையைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் கொட்டகையிலிருந்து வந்து, வெளியே நின்றபடியே கதவைத் தள்ளிச் சாத்தினார், வெளிப்பக்கத்துப் பிடியைத் திருப்பி மேல் கொக்கியைப் போட்டார், திறந்தார், மறுபடி சாத்தினார். பத்துத் தடவை செய்தார். பத்துத் தடவையும் கச்சிதமாகப் பிடித்தது. போன வாரம்தான் கதவைச் சுற்றிப் புது ரப்பர் பட்டை போட்டிருக்கிறேன், கதவில் குறையே இல்லை என்றார். உட்கார்ந்தவங்க சரியாச் சாத்தியிருக்க மாட்டாங்க என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவே பல் டாக்டருக்குப் பயமாக இருந்தது. வாழ்நாளில் அந்த அம்மாளிடம் யாரும் நீங்கள் ஒன்றைச் சரியாகச் செய்யவில்லை என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அதைவிட, அவளுக்கு உள்ளே வேறொன்று குடைந்தது. கிளம்புவதற்கு முன்னால் கதவின் மேல் பக்கத்தைக் கையால் வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளினேனா? தள்ளியதாக நினைத்தேனா? கைப்பிடி திரும்பியிருந்ததைப் பார்த்தாள், அது நிச்சயம். கை வைத்தது நினைவுக்கு வரவில்லை.

அவள் அதை மறைக்கவில்லை. "நான் கை வெச்சுத் தள்ளிப் பார்க்கலை, அக்கா. பார்த்திருந்தா தரையிலேயே தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

"சரி, அது உன் தப்பு, குறிச்சுக்கோ. ஆனா நான் சாத்தினேன், கைப்பிடி திரும்புச்சு, கொக்கி ஏன் பிடிக்கலை?" நாத்தனாரின் பார்வை ஸ்பேனர் மேல் போனது. குரலில் கோபமே இல்லை, அதுதான் ஆச்சரியம். "தம்பி, நீங்க வெளியே நின்னு சாத்துறீங்க. உள்ளே யாருமே இல்லை. காலித் தராசு எப்பவும் நேராத்தான் நிக்கும். கல்லை வெச்சுப் பார்த்தாத்தானே தெரியும்?"

ஸ்பேனர் கதவைத் திறந்து, உள்ளே காலியாக இருந்த இருக்கைகளைப் பார்த்தார்.

பல் டாக்டருக்கு ஒரு நோயாளி ஞாபகம் வந்தார். பல்லை அடைத்து, நாற்காலியில் படுத்தபடியே கடித்துப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். படுத்துக் கடித்தபோது பொருந்திய பல், நிமிர்ந்து உட்கார்ந்து கடித்தபோது இடித்தது. அவள் காருக்கு ஓடினாள். கிளினிக் பையில், பல் அடைத்த பிறகு கடிக்கச் சொல்லிக் கொடுக்கிற மைத்தாள் கட்டு இருந்தது. விரல் அகலம், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு, சிவப்பு மை. எந்த இடத்தில் பல்லோடு பல் படுகிறதோ அந்த இடத்தில் மை ஒட்டும்.

மேல் கொக்கியும் அது பிடிக்கிற இரும்புத் தகடும் துடைக்கப்பட்டன. நடுவில் தாளை வைத்து, ஸ்பேனர் வெளியிலிருந்து சாத்தினார். திறந்து பார்த்தால் தகட்டில் சிவப்புக் கோடு, ஒரு அரிசி நீளத்துக்கு அகலமாக, அழுத்தமாக விழுந்திருந்தது. மறுபடி துடைத்தார்கள். இப்போது பல் டாக்டர் இடது இருக்கையில் உட்கார்ந்தாள், நாத்தனார் வலது இருக்கையில் உட்கார்ந்து, முதலில் செய்தது போலவே கைதாங்கியைப் பிடித்து இழுத்துச் சாத்தி, மேல் கைப்பிடியைத் திருப்பினார். கைப்பிடி தடங்கலில்லாமல் திரும்பியது. திறந்தார்கள்.

தகட்டின் ஓரத்தில், கடுகளவு, ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

மூன்று பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள். கொக்கி பிடிக்கவில்லை, நுனியால் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இதை நம்பித்தான் ஒரு பனைமர உயரம் போயிருக்கிறோம் என்று பல் டாக்டர் நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு தடவை என்றார் நாத்தனார். ஒரு தடவை அளந்ததை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். ஐந்து தடவை செய்தார்கள். ஐந்து தடவையும் ஓரத்தில்தான் புள்ளி. ஸ்பேனர் தானே உள்ளே ஏறி உட்கார்ந்து சாத்திப் பார்த்தார். அவருக்கும் புள்ளிதான். அவர் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏணியை இழுத்துப் போட்டு, ரப்பர் பட்டையை அங்குலம் அங்குலமாக விரலால் அழுத்திக்கொண்டு போனார். மேல் மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கே புதுப் பட்டை தடிமனாக இருந்தது, இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருந்தது.

வெளியிலிருந்து உள்ளங்கையால் தள்ளினால் கதவு மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி அழுந்துகிறது, ரப்பர் நசுங்கிக் கொடுத்துவிடுகிறது. உள்ளே உட்கார்ந்து கைதாங்கியைப் பிடித்து இழுக்கிறபோது இடுப்புப் பகுதிதான் உள்ளே வருகிறது, மேல் மூலையில் ரப்பர் கதவை வெளியே தள்ளி வைக்கிறது. கொக்கிக்கு எட்டவில்லை. தரையில் இருக்கிறவரை ஒன்றும் இல்லை. காற்று ஒரு இழுப்பு இழுத்தது, நுனி நழுவிவிட்டது. ஸ்பேனர் இதைச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, தரையைப் பார்த்தபடி, "என் வேலைதான்மா. மன்னிச்சிருங்க" என்றார்.

நாத்தனார் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அந்தத் தாளை அவர் மூக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு சாமானை எனக்கு யாரும் காட்டவில்லையே, தராசுக் கோல் உட்கார்ந்து ஆடுகிற கத்திமுனை எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்றார். பல் டாக்டர் அரைக் கட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

திரும்பிப் போகிற வழியில் கார் சிக்னலில் நின்றபோது கணவர் போன் செய்தார். அக்காவைக் கேட்டார். பல் டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்து ஆசை இந்த ஒரு வாய் வார்த்தையில் இருக்கிறது.

நாத்தனார் ஒன்றையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கிளம்பும்போதே கதவு திறந்தது, அட்டை பறந்தது, சத்தம் பயங்கரம் என்று வரிசையாகச் சொன்னார். கதவைத் தள்ளிப் பார்க்காமல் கிளம்பியது உன் மனைவியின் தப்பு என்றும் சொன்னார். பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது.

"ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. கதவு திறந்த நிமிஷத்துல உன் பொண்டாட்டி கதவைப் பார்க்கலை, முள்ளைப் பார்த்தா. கீழே வந்ததும் தன் தப்பைத் தானே சொன்னா. இந்த ரெண்டையும் சேர்த்துச் செய்யுற ஆளை நான் என் சர்வீஸ்ல நாலு பேரைக்கூடப் பார்த்ததில்லை."

கணவர், ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அதற்குமேல் அன்று அவரிடமிருந்து எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவர் சமையலறையில் இல்லை. வாசல் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

ஸ்பேனர் அந்த மூலையில் ரப்பரை வெட்டி, இரண்டு முனையும் முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒட்டினார். நடந்ததை விமானத்தின் பதிவேட்டில் தன் கையாலேயே, தன் பேரைப் போட்டு எழுதினார். கிளப்பில் புது அட்டை அச்சடித்தார்கள்; கதவு என்று இருந்த இடத்தில், மேல் மூலையைக் கையால் தள்ளிப் பார் என்று எழுதியிருந்தது.

இரண்டு நாள் தங்க வந்த நாத்தனார் அடுத்த சனிக்கிழமை வரை இருந்தார். விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் மைத்தாள் வைத்துக் கொக்கியைத் தானே சோதித்தார். கோடு அரிசி நீளம் இருந்தது. ஏறி உட்கார்ந்து, சாத்தி, மேல் மூலையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். இடது பக்கத்திலிருந்து பல் டாக்டரின் கையும் நீண்டு வந்து அதே இடத்தில் தள்ளியது.

இந்தத் தடவை உள்ளே அமைதியாக இருந்தது. இரண்டாயிரம் அடியில் ஊர் முழுக்கக் கீழே விரிந்து கிடந்தது. ரயில் பாதை, மரக்கிடங்கு, வெயிலில் மின்னுகிற குளம். நாத்தனார் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு முட்கள் பக்கம் திரும்பினார்.

"இஞ்சின் நின்னுட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

பல் டாக்டர் சொன்னாள். மூக்கை இறக்கிக் காற்றில் சறுக்கிக்கொண்டு போகலாம், இந்த உயரத்திலிருந்து மூன்று நிமிஷத்துக்குக் கிட்ட கையில் இருக்கும், அதற்குள் ஒரு நல்ல வயலைத் தேடிக்கொள்ள வேண்டும். இஞ்சினைக் குறைத்து அது எப்படி இருக்கும் என்று காட்ட முடியும், வேண்டுமா என்று கேட்டாள்.

நாத்தனார் யோசித்தார். பெல்ட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் இரு" என்றார். "எந்த முள்ளைப் பார்க்கணும்னு முதல்ல சொல்லிடு."